சாத்தேவுக்கு மறுநாள்

காஜாங்கில் இருந்துகொண்டு எடையைக் குறைப்பது லேசான காரியமில்லை. உறவினர்கள் வந்தால் சாத்தே இல்லாமல் அனுப்ப முடியுமா? பேச்சு வாக்கில் பத்துக் குச்சி இருபதாகிவிடும். அது விருந்து, அதில் குற்றமில்லை. மறுநாள்தான் முக்கியம்.

காலையில் தராசு இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். “எல்லாம் போச்சு” என்று பலர் கைவிடுவது அங்கேதான். ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஓர் இரவில் இரண்டு கிலோ கொழுப்பு எப்படி ஏறும்? உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர்தான் அதில் பெரும்பங்கு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் இறங்கிவிடும்.

என் அம்மாவுக்கு இனிப்புநீர். விருந்துக்கு மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டலாம் என்பார். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரலாம். வானொலியில் காலை நிகழ்ச்சிக்காக நான் விடியுமுன் கிளம்பிவிடுவேன். அவர் தனியாக இருப்பார். அதனால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: மறுநாளும் நேரத்துக்குப் பசியாற வேண்டும். இரண்டு தோசை, சாம்பார், ஓர் அவித்த முட்டை, சீனி போடாத தேநீர். மாலையில் இருவரும் நடை.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று இங்கே விருந்து ஓயாது. ஓயவும் வேண்டாம். அடுத்த வேளைச் சாப்பாடு வழக்கம்போல் இருந்தால் போதும்.