ஸ்பாஞ்சு இல்லாத வண்டி

"ஸ்டார்ட் பண்ணாமக் கொண்டாங்க" என்று மெக்கானிக் போனிலேயே சொல்லியிருந்தார். அதனால் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கோரிமேட்டுக்குக் கொண்டுபோனோம். ஜிப்மருக்கு அருகே, திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் வேப்பமரத்தடியில் அவருடைய பட்டறை.

அக்கா மகன் விலை பேசி வைத்திருந்தது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன, 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. செம்மண்ணில் ஓட்டுவதற்காக யாரோ மாற்றிக் கட்டியிருந்தார்கள்: உயர்த்திய மட்கார்டு, மண்ணைக் கவ்வும் டயர். கிலோமீட்டர் காட்டும் மீட்டரையே கழற்றிவிட்டிருந்தார்கள். விற்பவரும் கூட வந்திருந்தார்.

மெக்கானிக் முதலில் எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடுமாம். குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் கிக்கரை உதைக்கவில்லை. நேராக ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சு இல்லை. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது.

"தம்பி, இங்க கை வச்சுப் பாரு."

கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. இரும்பை, ஆரோவில் பக்கமெல்லாம் செம்மண். கோடையில் அது மாவாகப் பறக்கும். அந்த மாவு காற்றோடு சிலிண்டருக்குள் போனால் ஆயிலோடு குழைந்து, சாணை பிடிக்கும் பசைபோல ரிங்கையும் போரையும் தேய்க்கும். ரோட்டில் மட்டும் ஓடிய வண்டியில் பார்க்க வேண்டியவை வேறு. மண்ணில் ஓடிய வண்டியில் காற்று போன வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு "சூப்பர் கண்டிஷன்" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கிக்கர் மேல் ஏறி நின்றார். கம்ப்ரஷன் இருந்தால் அது ஆளைத் தாங்கி மெல்ல இறங்கும். இது சட்டென்று இறங்கிவிட்டது. சைலன்சரைக் கழற்றி, போர்ட் வழியாக டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெல்ல அசைத்தார். டூ ஸ்ட்ரோக்கில் இது ஒரு வசதி: எஞ்சினைப் பிரிக்காமலே பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்த்துவிடலாம். சூட்டில் பிடித்த எஞ்சினாக இருந்தால் அலுமினியம் உருகி இழுத்த திட்டுகள் தெரியும். இங்கே அப்படி ஏதுமில்லை; மேலும் கீழுமாக மெல்லிய கோடுகள், மங்கிய சாம்பல் நிறம். மண் தின்ற அடையாளம் அது. மேக்னட் மூடியைத் திறந்து வீலை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டமில்லை. கிராங்க் பேரிங் தப்பித்திருக்கிறது.

"ஹெட்டைக் கழட்டலாமாண்ணே?" என்று விற்பவரிடம் கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கித் தலையசைத்தார்.

நான்கே நட்டுகள். பிஸ்டன் தலையில் கரி அப்பியிருந்தது. மரக்குச்சியால் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்ததும் ஓர் எண் தெரிந்தது: 75. ஆர்எக்ஸ் 100இன் போர் 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். படிப்படியாகப் போயிருந்தால் இது மூன்றாவது முறை. 100 என்ற ஒரு படிதான் பாக்கி. அதற்குப் பிறகு புது ஸ்லீவ் இறக்க வேண்டும். மீட்டர் இல்லாத வண்டியின் வயதைக் கரிக்கு அடியிலிருந்த அந்த இரண்டு இலக்கங்கள் சொல்லிவிட்டன.

"போர் போட்டா ஓடும் தம்பி. கிராங்க் நல்லாருக்கு. ஆனா அந்தச் செலவைக் கழிச்சுக்கிட்டு விலை பேசு. ஸ்பாஞ்சு போடாம ஒரு நாளும் எடுக்காத."

விற்பவர் முகம் வாடியிருந்தது. ஏமாற்ற வந்தவர் போலத் தெரியவில்லை. அவரும் யாரிடமோ இப்படியே வாங்கியவர்தான். மருமகன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

மெக்கானிக் மறுபேச்சில்லாமல் குனிந்தார். ஹெட்டின் முகப்பைத் துடைத்தார். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தார். வண்டி இன்னும் விற்பவருடையதுதான். நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, தன் சொந்த வண்டிக்குச் செய்வதுபோலவே இறுக்கினார். கேஸ்கெட் காசை எங்களிடம் வாங்கிக்கொண்டார்.