அரிசி மூட்டை

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கம்பம் போவது என் வழக்கம். தேனியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, வெற்றிலை, மிக்ஸி ஜாருக்கு வாஷர் என்று ஒரு துண்டுச் சீட்டோடு கிளம்புவேன். திரும்பும்போது பையில் பன்னீர் திராட்சை இருக்கும். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘‘அதனால ருசி கூடிருமாடா?’’ என்று கேட்டாள் அம்மா.

அதே வருஷம், மே 27. சின்னமனூர் தாண்டியதும் பஸ்ஸில் எல்லோர் கையிலும் ஒரே வீடியோ. கம்பம் தெருவில் யானை ஓடுகிறது. ஏதோ ஷூட்டிங் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர்தான், ‘‘மேகமலைப் பக்கம் சுத்திக்கிட்டிருந்தான்ல, அந்த அரிக்கொம்பன்’’ என்றார், ஒன்றுவிட்ட சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அம்மாவிடமிருந்து போன். ‘‘நீ வராத. உத்தமபாளையத்துலயே எறங்கிக்க. இங்க 144 போட்டுட்டாங்க.’’

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு என்றேன்.

‘‘அதெல்லாம் சாத்தியாச்சு. ரேஷன் அரிசிதான் அடுப்படியில கெடக்கு. மாடிக்கு ஏத்திக்கிட்டிருக்கேன்.’’

எழுபத்து மூன்று வயசு. முட்டிவலி வேறு. யானை வாசம் பிடித்து வந்துவிடுமாம், மூட்டையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் கணக்கிலும் தப்பில்லை. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கியவன் அவன். ஏப்ரல் 29-ல் அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மலை இறங்கிக் கம்பத்துக்கு வந்துவிட்டான். எல்லைக் கல்லைப் பார்த்து நிற்க அவன் என்ன அரசாங்கமா?

சின்னக்கானலில் யானை நடமாடும் இடத்தில்தான், 2000-களின் தொடக்கத்தில் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? கொடுத்த இடத்தில்தானே குடிசை போட முடியும்.

கம்பத்தில் அன்றைக்கு அடிபட்ட ஒருவர் மூன்று நாள் கழித்து இறந்துபோனார். யானைக்காக உருகி உருகி எழுதியவர்கள் அவருக்காக இரண்டு வரி எழுதி நான் பார்க்கவில்லை.

ஜூன் 5 விடியற்காலையில், சின்ன ஓவுலாபுரம் பக்கம் மறுபடியும் ஊசி. உலகச் சுற்றுச்சூழல் தினமும் அன்றைக்குத்தான்! லீவு போட்டுவிட்டு நான் கம்பத்தில் இருந்தேன். அம்மாவைத் தேனிக்கு வந்துவிடச் சொல்லி இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஃப்ளாட்டில் லிஃப்ட் உண்டு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. யானையைக் காட்டியே இந்தத் தடவை சம்மதிக்க வைத்துவிடலாம் என்ற திட்டத்தோடுதான் போயிருந்தேன்.

டி.வி.யில் லாரி காட்டினார்கள். கால்களைக் கயிற்றால் கட்டி நிற்க வைத்திருந்தார்கள். தும்பிக்கையில் காயம். களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகிறார்களாம். அம்மா வெற்றிலையை மடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘‘பழகின தண்ணி, பழகின மரமெல்லாம் அங்கிட்டுக் கெடக்கு. இவங்களா ஒரு எடத்தப் பாத்து, இதான் உனக்கு நல்லதுன்னு கொண்டுபோய் விடுறாங்க. பாவம், அவன யாரு கேட்டா?’’

நான் தேனிப் பேச்சை எடுக்கவில்லை. மாடியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தேன். எங்கே வைக்க என்றேன்.

‘‘அடுப்படியிலதான். எப்பவும் இருக்கிற எடத்துல வையி.’’