முகவரியில் நிற்கும் வழக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். பஸ் நிலையத்திலிருந்து முன்சீப் கோர்ட் அரை கிலோமீட்டர் இருக்கும். தெரிந்த வக்கீலின் குமாஸ்தா புரோநோட்டுக் கேஸ் ஒன்றைத் தாக்கல் செய்யப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். கேஸ் போட வந்தவர் விவசாயி. "பிராதைக் குடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது, அப்புறம் கோர்ட்டு பாத்துக்கும்னு சொன்னாங்க சார்" என்றார்.

வாசலுக்கு எதிரே டைப்பிங் கடைகள். டைப் அடிக்கப் பக்கத்துக்கு 40 ரூபாய், ஜெராக்ஸ் 2 ரூபாய். வெளிர் பச்சைத் தாளில் பிராது சூடாக வந்து விழுந்தது. அசலும் வட்டியுமாக 90,000 ரூபாய் வரவேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017-க்கு முன் நூற்றுக்கு ஏழரை, இப்போது மூன்று. ஆக 2,700 ரூபாய். குமாஸ்தா நோட்டின் தேதியை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். கேஸ் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு முடிய ஏழு வாரம் பாக்கி.

தாக்கல் பிரிவில் ஃபைல் வாசனை. கவுன்டரில் இருந்த அம்மா வக்காலத்து, ஆவணப் பட்டியல், பிரதிவாதிக்கான நகல், சம்மன் அனுப்புவதற்கான பேட்டா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிரதிவாதியின் விலாசத்தில் விரல் நின்றது. 'மேலத் தெரு' என்று மட்டும் இருந்தது. கதவு எண் இல்லை.

"ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்கம்மா" என்றார் விவசாயி.

கவுன்டர் அம்மா பென்சிலால் குறித்துக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஓ.எஸ். நம்பர், அதாவது வழக்கு எண், விழவில்லை.

பத்தரைக்குக் கோர்ட் கூடியது. பின்பெஞ்சில் உட்கார்ந்து, டவாலி கூப்பிட்ட கேஸ்களை நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினொன்றரை வரை சாட்சி விசாரணை நடந்தது ஒன்றில்தான். மற்றதெல்லாம் வாய்தா. அதிலும் அடிக்கடி காதில் விழுந்தது, "சம்மன் சார்பு ஆகவில்லை, மறுபடி பேட்டா கட்டவும்."

ஏன் சார்பு ஆவதில்லை, அதாவது சம்மன் ஏன் உரியவர் கைக்குப் போய்ச் சேருவதில்லை? கட்டடத்தின் பின்பக்கம் சம்மன் கொண்டுபோகும் அமீனா ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சம்மனின் பின்பக்கத்தைக் காட்டினார்: 'வீடு பூட்டியுள்ளது. விசாரித்ததில் திருப்பூர் சென்றுவிட்டதாகத் தெரிகிறது.' "ஆள் இல்லேன்னா கதவுல ஒட்டலாம் சார். அதுக்கு, வீடு அவரோடதுதானான்னு தெரியணும்ல?" என்றார்.

பிரதிவாதி எதிருரை போட 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 வரை போகும். அந்தக் கணக்கு, பிராது கொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. சம்மன் சார்பு ஆன நாளிலிருந்துதான்.

திரும்பி வந்தபோது விவசாயி மைத்துனரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு எண் கிடைத்துவிட்டது. கூடவே இன்னொன்றும்: கடன்காரர் தை மாதமே கும்பகோணத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டாராம். குமாஸ்தா தலையைச் சொறிந்துவிட்டு இரண்டு விலாசத்தையும் எழுதினார். கட்டு மறுபடி கவுன்டருக்குப் போனது. இந்தத் தடவை முத்திரை விழுந்தது.

கடன் வழக்குப் போட நினைப்பவர்கள் வக்கீலைப் பார்க்கக் கிளம்பும் முன், வாங்கியவர் இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.