பழைய எண், புது எண்

தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேய அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த பஞ்சமி நிலத்தைத் தேடுகிறவர்கள் இப்போது முதலில் கணினியைத் திறக்கிறார்கள். புல எண்ணைக் கொடுத்தால் கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேடும் புலப்படமும் வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்குப் பிந்தைய கணக்கு. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த அந்த வேலையில் பழைய புலங்கள் உட்பிரிவாயின; அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பல இடங்களில் பட்டா போனது. பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த ‘டி.சி.’ (தாழ்த்தப்பட்ட வகுப்பினர் நிலம்) என்ற இரண்டெழுத்து, பல கிராமங்களில் புதுப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. கணினியில் ஏறியது அந்தப் புதுப் பதிவேடுதான். அதை மட்டும் வைத்துப் போடும் வரைபடம், எவ்வளவு நல்ல மென்பொருளில் போட்டாலும், நிலத்தைப் பிடித்துக்கொண்டவருக்குத்தான் சாட்சி சொல்லும்.

அதனால் நான் யு.டி.ஆர்.-க்கு முந்தைய ரீ-செட்டில்மென்ட் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ஆவண அறையில் காத்திருந்து, பொடிந்துபோன தாள்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சலித்துக்கொள்பவர்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892 செப்டம்பர் 30-இல் சென்னை மாகாண அரசு இந்த நிலங்களை ஒப்படைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனை இன்றும் உயிரோடு இருக்கிறது. நிபந்தனை எந்தப் புலத்தின் மேல் நிற்கிறது என்று காட்டுவதுதான் கஷ்டம்.

காட்டும் முறை இதுதான். அ-பதிவேட்டில் புதுப் புல எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணுக்கும் ஒரு கலம் உண்டு. இரண்டையும் இணைத்து, பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்றிருந்த ஒவ்வொரு எண்ணும் இன்று எத்தனை உட்பிரிவாக, யார் யார் பெயரில் கிடக்கிறது என்று பட்டியல் போடுகிறேன். பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கும்: 66 அடி சங்கிலிக்கு 100 லிங்க். அதை மீட்டராக்கி கிராம வரைபடத்தின் மேல் பொருத்திச் சிவப்பு அடிக்கிறேன். வில்லங்கச் சான்றில் கிடைக்கும் கிரயத் தேதிகளையும் அதில் ஏற்றுகிறேன்.

அதுவரை தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் காலனியில் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தனிக்கதை இருக்கும். தாத்தா கல்யாணக் கடனுக்கு எழுதிக்கொடுத்தார், சித்தப்பா கைரேகை வைத்தார் என்று, தங்கள் குடும்பத்தின் ஏமாளித்தனமாகவே சொல்வார்கள். சிவப்பு அடித்த படத்தைத் தரையில் விரித்ததும் அந்தக் கதைகள் ஒன்று சேர்கின்றன. வாய்க்கால் ஓரத்து நிலம் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே சில வீடுகளுக்குப் போயிருப்பது எழுதப் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கும் தெரிகிறது. இந்த வேலையில் நான் மதிக்கும் கணம் அது. குடும்பத்து அவமானமாகச் சுமந்து வந்தது, ஊரின் அதிகாரம் செய்த காரியம் என்று அங்கேதான் புரிகிறது.

பிறகு நடை. படத்தை எடுத்துக்கொண்டு புலத்துக்குப் போகும்போது, நிலம் இழந்த வீட்டுப் பெண்களைக் கட்டாயம் கூட்டிப்போவேன். சர்வே கல் பிடுங்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்கு வரப்பு தெரியும். ஒரு பாட்டி, “தம்பி, எங்க மாமனார் நிலத்துலதாம்ப்பா நான் இன்னிக்கும் கூலிக்குக் களை எடுக்குறேன்” என்றார். அன்றிலிருந்து படத்தில் இன்னொரு அடுக்கும் சேர்க்கிறேன்: எந்த வீட்டார் எந்தப் புலத்தில் கூலி வேலை செய்கிறார்கள், சுடுகாட்டுப் பாதை எங்கே அடைபட்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி யார் தெருவில் நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வசதிப் பட்டியல் கிராமத்தை முழுதாக எடுத்துக்கொண்டு ‘குடிநீர் உண்டு’ என்று முடித்துவிடும். ஊர்த் தெருவுக்கு உண்டு, காலனிக்கு இல்லை என்பதைத் தெருத்தெருவாகக் கேட்டுக் குறித்தால்தான் தெரியும்.

இந்தத் தாள்களுக்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன. காரணை கிராமத்தில் பஞ்சமி நில மீட்புக்காக நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதை எதிர்த்து 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். பழைய பதிவேடுகள் முழுவதையும், குறிப்புக் கலத்தோடு, அரசு பொதுவில் வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு மனுவிலும் எழுதுவது அதனால்தான்.

அதே காரணத்தால் சிலவற்றைப் படத்தில் போடுவதில்லை. யார் தகவல் சொன்னார், எந்த வீட்டுப் பையன் முன்னின்று அளந்தான் என்பதெல்லாம் வேறு சாதிக்காரர் கையில் கிடைத்தால் மறுநாளே கூலி நின்றுபோகும், அதற்கு மேலும் நடக்கலாம். ஆகவே இரண்டு படம் போடுகிறோம். புல எண்ணும் பரப்பும் கிரயத் தேதியும் மட்டும் உள்ளது ஆட்சியருக்கு மனுவோடு போகும். வீடும் பெயரும் உள்ளது ஊர்க்காரர்களிடமே இருக்கும். என்னிடம் நகல் கிடையாது. ஆய்வு மாணவர்கள் வந்து கேட்டால் ஊருக்கு அனுப்புகிறேன். காட்டுவதா வேண்டாமா என்பது அவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டியது.