ரிம் சொன்ன அளவு

மறைந்த தாய்மாமாவின் டட்சன் 240 இசட் இப்போது ஜாசினில் எங்கள் வீட்டில் நிற்கிறது. "பின்னால 205 டயர் போடுக்கா, பார்க்க ராஜா மாதிரி இருக்கும்" என்கிறான் தம்பி. மாமா தன் கையால் சாயம் பூசிய இரும்பு ரிம்மை மாற்றவே கூடாது என்கிறார் அம்மா.

இரண்டும் ஒன்றாக நடக்காது. 1970களின் தொடக்கத்தில் வந்த அந்த ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அகலம் நாலரை. அன்று அதில் இருந்தது 175 டயர். 205/60 டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் ஏற்றினால் டயரின் பக்கங்கள் உள்ளே இழுபடும். நடுப்பகுதி புடைத்துச் சீக்கிரம் தேயும். வளைவில் டயர் நெளியும். இதுவோ பின்சக்கரம் தள்ளும் கார். செம்பனைத் தோட்டச் சாலையில் மாலை மழை பெய்யும்போது பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். காலையில் வானொலியில் விபத்துச் செய்தி வாசிப்பவள் நான். அந்தக் கணக்கை என்னால் ஒதுக்க முடியவில்லை.

நாலரை அங்குல ரிம் 185/70 வரை தாங்கும். நான்கு சக்கரத்துக்கும் அதையே போட்டோம். பின்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால், திருப்பத்தில் முன்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். புது டயர் சற்றுக் குட்டை என்பதால் வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது, அது நல்லதுதான்.

தம்பிக்கு அரை மனசு. அம்மாவுக்கு முழு மனசு.

பழைய கார் வைத்திருப்பவர்களே, டயர் கடைக்குப் போகுமுன் ரிம்மின் உட்புற அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.