பூவும் இலையும்

நீலசந்திராவில் எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேலும் ஒலி அடங்குவதில்லை. தமிழும் உருதும் கன்னடமும் கலந்த பேச்சு, வண்டிகளின் இரைச்சல், வண்ணாரப்பேட்டைப் பக்கம் எங்கேனும் ஒரு திருமணப் பந்தலின் மேளம் என ஏதேனும் ஒன்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். இராணுவப் பண்டகசாலையில் வேலை கிடைத்து வட ஆர்க்காட்டிலிருந்து வந்த என் தந்தையார் இத்தெருவில் குடியேறிய நாள்தொட்டு, இவ்வொலிகளின் நடுவே உறங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால், பழக முடியாத ஓர் ஒலி இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டின் உள்ளறையிலிருந்தே எழுந்துகொண்டிருந்தது. என் தாயார் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் பெருமூச்சே அது.

அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. வலப்பக்க விலாவில் அக்கி கண்டது. சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் நச்சுயிரி நரம்பு வேரிலே பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும் காலத்தில் விழித்தெழுவதே அக்கி என்று மருத்துவர் விளக்கினார். கொப்புளங்கள் மூன்று வாரங்களில் ஆறிவிட்டன. நரம்பின் எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது. சேலை பட்டாலும் தீப்பட்டதுபோல் துடிப்பார். எழுதிக் கொடுத்த மாத்திரைகள் வலியைச் சற்றுத் தணித்தன, தலைச்சுற்றலைத் தந்தன. ஒருநாள் குளியலறை வாயிலில் சாய்ந்து விழ இருந்தவரை என் மனைவி தாங்கிப் பிடித்தாள். அன்றிலிருந்து அம்மா மாத்திரைகளைத் தொட மறுத்துவிட்டார். அவர் விழித்திருந்த இரவுகளில் நானும் விழித்திருந்தேன்.

இந்நிலையில் சூரிச் நகரில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் என் அக்காள் மகன் விடுமுறையில் வந்தான். அம்மாவின் நிலையைக் கண்டு வருந்தியவன், இரவு மொட்டைமாடியில் என்னிடம் மெல்லப் பேச்செடுத்தான்.

"மாமா, அங்கே கடைகளில் ஒருவகைப் பூ விற்கிறார்கள். கஞ்சாச் செடியின் பூதான். ஆனால் மயக்கம் தராது."

நான் திடுக்கிட்டுப் படிக்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவன் விளக்கினான். அச்செடியில் பலவகைச் சாறுகள் உள்ளன. அவற்றுள் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்பது மயக்கம் தருவது; கன்னாபிடியால் என்பது மயக்கம் தராதது. முதலாவதன் அளவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், சுவிட்சர்லாந்தில் 2011 முதல் அது போதைப்பொருளாகக் கருதப்படுவதில்லை. 2017-இல் பெரிய அங்காடிகளில்கூடச் சிகரெட்டாகச் சுருட்டி விற்கத் தொடங்கினார்கள்.

"நீ புகைத்தாயா?" என்றேன்.

"ஒருமுறை, மாமா. வேலை நெருக்கடியில் பல நாள் உறக்கமில்லை. நண்பன் சுருட்டிக் கொடுத்தான். முதல் இழுப்பிலேயே இருமல். தொண்டை காய்ந்து போயிற்று. ஏதோ நடக்கப் போகிறது என்று அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பு வரவில்லை, தலை சுற்றவில்லை. பிறகு பார்த்தால், காலையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் கீழே இறங்கியிருந்தன. அவ்வளவுதான். மறுநாள் கார் ஓட்ட மட்டும் பயமாக இருந்தது. அதில் இருக்கும் சிறிதளவு மயக்கச் சாறே இரத்தச் சோதனையில் காட்டிக் கொடுத்துவிடும் என்றார்கள்."

சற்று நேரம் கழித்து, "அடுத்த முறை ஒரு பொட்டலம் கொண்டுவரட்டுமா? பாட்டிக்கு வேண்டாம், உங்களுக்காவது உறக்கம் வரும்," என்றான்.

நடுவணரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்பவன் நான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உறக்கமன்று. 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் இருபத்திரண்டாம் விதி. அரசு ஊழியர் தாம் எப்பகுதியில் இருக்கிறாரோ, அப்பகுதியில் நடைமுறையிலுள்ள போதைப்பொருள் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. சூரிச்சில் இருப்பவனுக்கு அந்நாட்டுச் சட்டம். நீலசந்திராவில் இருப்பவனுக்கு இந்நாட்டுச் சட்டம். இங்கே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அச்செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளையே கஞ்சா என்று வரையறுக்கிறது. அப்பூவில் எச்சாறு எத்தனை விழுக்காடு என்ற கேள்வியையே அவ்வரையறை எழுப்புவதில்லை. ஒரு பொட்டலம் என்றாலும் ஓராண்டுவரை சிறையும் பத்தாயிரம் ரூபாய்வரை தண்டமும் உண்டு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டால், யாரும் கையெழுத்திடாமலே அரசு ஊழியன் பணியிடை நீக்கம் பெற்றவன் ஆகிவிடுவான்.

"வேண்டாம். நீயும் அதை நினைத்துப் பெட்டியைத் தூக்காதே. விமான நிலையத்தில் உன் சுவிஸ் சட்டம் செல்லாது," என்றேன். அவன் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

நான் அவனிடம் விதியைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம், என் அண்ணன்.

என்னினும் பத்து வயது மூத்தவர். எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிப் படியேறியவர். பதினெட்டு வயதிலேயே சந்து முனையில் கூடிய கூட்டத்தோடு சேர்ந்து கஞ்சாப் புகைக்கப் பழகினார். முதலில் சட்டையில் அந்த வாசனை வந்தது. பிறகு கல்லூரி நின்றது. பிறகு, சுவருக்கு அப்பால் யாரோ தம்மைப் பற்றிப் பேசுவதாக இரவெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் திரும்புவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 2004-இல் அவர் மறைந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் அச்சொல்லையும் எவரும் சொன்னதில்லை. அவர் பெயரையும் எவரும் சொன்னதில்லை.

அச்செடிதான் அவரைக் கெடுத்ததா என்ற கேள்வி என்னை நெடுநாள் வாட்டியதுண்டு. ஆங்கிலேயர் காலத்தில், 1893-94-இல் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பழக்கத்தால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியே தீங்கு என்று எழுதியது. அக்காலத்து மனநோய் விடுதிகள் ஆராயாமலே பலருடைய நோய்க்கும் கஞ்சாவையே காரணமாகக் குறித்து வைத்ததையும் அது சுட்டிக் காட்டியது. இன்றைய ஆய்வாளரோ, இளம் வயதில் மிகுதியாகப் புகைப்போர்க்கு, அதுவும் மயக்கச் சாறு மிக்க பூவைப் புகைப்போர்க்கு, மனச்சிதைவு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்கின்றனர். இரண்டையும் படித்தேன். அண்ணனுக்கு எது பொருந்தும் என்று முடிவு கட்ட எனக்கு இயலவில்லை. கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அக்காள் மகன் ஊர் திரும்பிய பின்னும் அவன் பேச்சு என்னுள் ஓயவில்லை. 2020 பிப்ரவரியில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள கோரமங்கலாவில், இச்செடியின் சாற்றை ஆயுர்வேத முறையில் மருந்தாக வழங்கும் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே இத்தகையவற்றுள் முதலாவது என்று செய்தித்தாள்கள் எழுதியதை நான் அக்காலத்தில் படித்து மறந்திருந்தேன். இப்போது நினைவு வரவே, தெரிந்தவர் சொன்ன வேறோர் ஆயுர்வேத மருத்துவரிடம் சென்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார்.

அவர் பொறுமையாக விளக்கினார். சட்டம் இச்செடியை உறுப்புறுப்பாகப் பிரித்திருக்கிறது. பூவும் பிசினும் விலக்கப்பட்டவை. பூவோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்னும் வரையறைக்கு வெளியே நிற்பவை. வடநாட்டில் பாங்கு என்பது இந்த இலையே. 2022-இல் நம் கர்நாடக உயர்நீதிமன்றமும் ஒரு பிணை வழக்கில், பாங்கை அச்சட்டம் தடை செய்யவில்லை என்று கூறியது. விதையை 2021-இல் உணவுப் பாதுகாப்புத் துறை உணவாகவே ஏற்றுக்கொண்டது. ஆயுர்வேதம் இலையை விஜயா என்று அழைக்கிறது. வெற்றி என்பது அதன் பொருள். ஆயினும் அரசின் மருந்து விதிகள் அதை நச்சுத்தன்மையுள்ள சரக்குகளின் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்கின்றன.

"இலைச் சாற்றில் இரண்டு சாறுகளும் இருக்கும். உங்கள் மருமகன் சொன்ன பூவைப் போன்றதன்று. அதனால் சிறிதளவில் தொடங்க வேண்டும்," என்றார். பிறகு, "தீரும் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்குக் கன்னாபிடியால் மருந்தை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றுக்கொண்டது. நரம்பு வலிக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. பயன் இல்லையென்றால் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவோம்," என்றும் கூறினார். அம்மா உண்ணும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கு இச்சாறு அம்மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும் என்பதால், அதை மட்டும் இருமுறை கேட்டார். இல்லை என்றேன்.

"அம்மாவுக்குக் கொடுக்கும் முன் நான் உண்டு பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். என் உறக்கமின்மையை விசாரித்துவிட்டு, எனக்கும் தனிச் சீட்டு எழுதித் தந்தார். இரவில் நான்கு துளி. மறுநாள் காலை வண்டி ஓட்டலாகாது. அச்சீட்டின் படியெடுத்து ஒன்றைப் பணப்பையிலும் ஒன்றைப் பீரோவிலும் வைத்தேன். எழுத்தனின் புத்தி அது.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நாவின் கீழ் நான்கு துளி விட்டுக்கொண்டேன். கசங்கிய பச்சிலையின் மணம், கைப்பு. கட்டிலில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணிக்கு நெஞ்சு படபடத்தது. அது மருந்தின் வேலையா, அச்சத்தின் வேலையா என்று தெரியவில்லை. சுவருக்கு அப்பால் யாரோ பேசும் குரல் கேட்டது. உடல் சில்லிட்டது. எழுந்து சென்று சன்னலைத் திறந்தேன். அடுத்த வீட்டார் மெய்யாகவே பேசிக்கொண்டிருந்தனர். எரிவாயு உருளை வராததைப் பற்றிய பேச்சு. சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. திரும்பி வந்து படுத்து, மனம் தெளிவாக இருக்கிறதா என்று அறிய நடத்தை விதிகளை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். பதினான்காம் விதிவரை சொன்னது நினைவிருக்கிறது. வாய் சற்று உலர்ந்திருந்தது. கால்கள் ஈரத்துணிபோல் கனத்தன. அப்புறம் பால்காரன் மணியடித்தான். காலையில் தலை கொஞ்சம் மந்தமாக இருந்தது, குளித்ததும் தெளிந்தது. வேறொன்றும் நேரவில்லை.

இனி அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமலே கொடுத்துவிடலாம் என்றாள் என் மனைவி. பச்சிலைத் தைலம் என்றால் போதாதா என்றாள். அதுவும் பொய்யன்று. திருக்குறளில் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை. தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. இரண்டுக்கும் நடுவே இருப்பது சூது. அன்றிரவு அந்த வரிசை என் நினைவில் உறுத்திற்று. மகனை இழந்த தாய்க்கு, அவனைக் கெடுத்ததாக அவள் நம்பும் செடியை, வேறொரு பெயர் சொல்லி ஊட்டுவது எனக்குச் சூதாகவே பட்டது.

ஞாயிறு இரவு அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து புட்டியைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று நான் சொல் தேடிக்கொண்டிருக்கையிலேயே, அம்மா முகத்தை நிமிர்த்தினார். மணம் அவரை எட்டிவிட்டது.

"இது பெரியவன் சட்டையில் அடித்த வாசனை," என்றார்.

நான் தலைகுனிந்து, ஆம் என்றேன். அதே செடி, ஆனால் இலை, மருத்துவர் கொடுத்தது, நேற்று நானே உண்டு பார்த்தேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. விலாவைப் பிடித்திருந்த கை மட்டும் அசைந்தது.

"எத்தனை துளி என்று எழுதியிருக்கிறதா?"

சீட்டை எடுத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர், அதை வாங்கி மருத்துவரின் கையெழுத்தின்மீது விரலை வைத்துப் பார்த்தார்.

"அவனுக்கு இப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை," என்றார். "கொடு."

மூன்று வாரங்கள் ஆகின்றன. வலி போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், போகவில்லை. முன்பு இரண்டு மணி நேரம் உறங்கியவர் இப்போது நான்கு மணி நேரம் உறங்குகிறார். சேலைத் தலைப்பு விலாவில் பட்டால் முகம் சுளிக்கிறார், துடிப்பதில்லை. இது மருந்தினாலா, நாளடைவில் நரம்பே ஆறியதாலா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாத முடிவில் மீண்டும் பார்ப்போம் என்றிருக்கிறார்.

வேறொரு மாற்றமும் உண்டு. சென்ற வாரம் சோறு உண்ணும்போது, அண்ணனுக்குக் கத்தரிக்காய் வதக்கல் எவ்வளவு பிடிக்கும் என்று அம்மா தாமாகவே சொன்னார். பெயரைச் சொல்லிச் சொன்னார். என் பிள்ளைகள் தம் பெரியப்பாவின் பெயரை அன்றுதான் பாட்டி வாயால் கேட்டார்கள்.

ஒவ்வோர் இரவும் நான் துளிகளை எண்ணி விடுகையில் அம்மாவும் உடனிருந்து எண்ணுகிறார். நான்காம் துளி விழுந்ததும் புட்டியின்மேல் கையை வைத்து மூடி, "போதும்," என்கிறார்.