தோப்பும்படியில் ஒரு ஞாயிறு

எர்ணாகுளத்தில் ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நாம், ஒரு ஞாயிறன்று தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்றிருந்தோம். வில்லிங்டன் தீவைக் கடந்து இறங்கியதுமே மீன் வாடை வரவேற்றது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி விசைப்படகுகள் வரிசையாக நின்றன. நம் தமிழைக் கேட்டதும் ஒரு படகின் பெரியவர், "ஏறி வாங்க சார்" என்றழைத்தார்.

அவர் வி.எச்.எப். ரேடியோவுடன் போராடிக்கொண்டிருந்தார். பகலில் தெளிவாகப் பேசும் கருவி, இரவில் இரைகிறதாம். (நிலையத் தொலைபேசியுடன் மல்லாடும் நமக்கு இது புதிதன்று!) எல்லா மின்கருவிகளையும் அணைத்து, 16ஆம் சானலைத் திறந்துவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தளத்து எல்.இ.டி. விளக்கு எரிந்ததும் 'சர்ர்' என்றது. அவ்விளக்கினுள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவிடும் சுற்று ஒன்றுண்டு. அதன் இரைச்சல் கம்பி வழியே பரவி ஆன்டெனாவை எட்டுகிறது. விளக்குக் கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டினார்; சற்றே குறைந்தது. ரேடியோவுக்குப் பாட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்தார். இரைச்சல் முற்றும் விடவில்லை.

"ஸ்குவெல்ச் திருகைக் கூட்டினால் அடங்குமே?" என்றோம்.

"அடங்கும் சார். தூரத்திலே கூப்பிடுறவன் குரலும் சேர்ந்து அடங்கும்." சற்று நேரம் அவர் பேசவில்லை. "ஒக்கி வந்த ராத்திரி நான் அதைக் கூட்டித்தான் வச்சிருந்தேன்."

2017 நவம்பர் இறுதியில் வீசிய அப்புயலில் அக்கடற்கரை இழந்த உயிர்கள் பல. நாம் மேலே ஏதும் வினவவில்லை. அவர் எல்.இ.டி. விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அறைக்குள் தேடிப் பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்துவந்தார்.